வெள்ளமும் ஓடைவாழ் சிற்றுயிர்களும்

ஆற்றில் வெள்ளம் பெருகுங்கால் ஊர்களுக்கும் விளைநிலங்களுக்கும் நேரும் கேட்டையே வரலாற்று நூல்கள் பெரிதும் குறித்து வைத்துள்ளன. அவ்வெள்ளம் துணையாறுகளின் கல்லிடுக்கிலும் மணலிலும் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களை என் செய்தது என்னும் வினா இருபதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. அவ்வினாவுக்கு விடை காணப்பட்டவாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1954-ஆம் ஆண்டில் கார்ல் மியூல்லர் என்னும் அறிஞர் வட சுவீடனின் ஓடைகளை ஆராய்ந்தார். இளம்பூச்சிகளை நீரோட்டம் கீழ்நோக்கி அடித்துச் செல்கின்றது என்றும், சிறகு பெற்றவை மேல்நோக்கிப் பறந்து முட்டையிட்டு அவ்விழப்பை ஈடு செய்கின்றன என்றும் அவர் கருதினார். 1959-ஆம் ஆண்டில் ருமேனிய அறிஞர் திரயான் ஓர்கிதான், ஓடைப் படுகையின் கீழே நீர் ஊறிய மணலிடுக்குகளைத் தனியொரு வாழிடமாக வகுத்துக் காட்டினார். இவ்விருவர் ஆய்வும் வெள்ளத்தை முதற்பொருளாகக் கொண்டதன்று. எனினும், வெறுமையுற்ற ஓடைக்கு உயிர்கள் வானின் வழியாகவும் மணலின் அடியிலிருந்தும் மீளக்கூடும் என்னும் கருத்துக்கு அவை இடமளித்தன.

அம்மீட்சியைக் கண்கூடாகக் காட்டியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் ஓடும் சிக்கமோர் ஓடை ஆகும். இது வெர்டி ஆற்றின் துணையாறு. 1979-ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் இவ்வோடையில் திடீர் வெள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. ஸ்டூவர்ட் ஃபிஷரும் அவருடன் ஆய்ந்தோரும் 1982-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பாசி ஏறத்தாழ முற்றும் அழிந்தது; முதுகெலும்பற்ற உயிர்களின் திரளில் 98 விழுக்காடு மறைந்தது. ஆனால், இரண்டே நாளில் ஓடை பழைய வடிவுற்றது. இரண்டு மூன்று வாரங்களில் உயிர்களும் மீண்டன. 35-ஆம் நாளில் அவற்றின் உலர்எடை சதுர மீட்டருக்கு 7.3 கிராம் ஆயிற்று.

இவை எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வானிலிருந்தே என்க. வெள்ளத்தின்போது நீருக்கு வெளியே சிறகுடன் திரிந்த மே ஈக்களும், கொசுவையொத்த இருசிறகுப் பூச்சிகளும் திரும்பி வந்து முட்டையிட்டன. முதன்மையான இனங்கள் முதல் மாதத்திற்குள்ளாகவே பல தலைமுறைகளைக் கண்டன.

பறக்கவியலாத உயிர் என் செய்யும் என்னும் ஐயம் எழலாம். அரிசோனா ஓடைகளில் வாழும் ஒருவகைப் பெருநீர்ப்பூச்சி பறத்தல் அறியாதது. அதன் ஆண் முட்டைகளை முதுகில் சுமப்பது. கனமழை பெய்யத் தொடங்கியதும், வெள்ளம் வருமுன்னரே, அது நீரைவிட்டுக் கரையேறுகின்றது என்பதை டேவிட் லைட்டில் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. மழையே அதற்கு முன்னறிவிப்பு ஆகும்.

ஆகலின், வெள்ளத்தின் விளைவை இறந்தவற்றின் எண்ணிக்கை கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. எஞ்சியவை எங்கே ஒதுங்கின என்பதும் நோக்கற்பாலது. 1997-இல் லெராய் பாஃப் முதலியோர் ஆற்றொழுக்கின் அளவு, அடுக்கு, நீட்சி, பருவம், மாறும் விரைவு என ஐந்தையும் ஒருங்கே கருதவேண்டும் என வலியுறுத்தியது இதனொடு பொருந்துவதே. மழையின்றி அணையிலிருந்து திடுமெனத் திறந்துவிடப்படும் நீர், மழையைக் குறியாகக் கொண்டு கரையேறும் உயிருக்கு முன்னறிவிப்புத் தருவதில்லை. மணலிடுக்குகளைச் சேறு அடைப்பின் அடியில் ஒதுங்குவதற்கு இடமில்லை. இயற்கை வெள்ளத்தைத் தாங்கப் பழகிய ஓடையுயிர்கள், புகலிடம் இழந்தவழித் தாங்கமாட்டா என்பதே இவ்வாய்வுகளால் பெறப்படும் உண்மையாகும்.