குதிரையும் வில்லும்

துப்பாக்கியில் விசையை அமுக்கியதும் விழுந்து அடிக்கிற சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பெயர். அந்தக் குதிரையை ஓட்டுவது உள்ளே மடிந்து கிடக்கும் வில். 'ஸ்பிரிங்' என்ற சொல் வந்த பிறகும் வில்லு வண்டியில் தங்கிவிட்ட அதே வில்தான். பழைய துப்பாக்கி வைத்திருக்கிறவர்களின் கவலையெல்லாம் இந்த வில்லைப் பற்றியே இருக்கும். அது சரியான கவலைதானா என்று பார்க்கப் போய்த்தான் நான் பழனி மலையின் வேளாண்மை வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தேன்.

கூக்கால் பூம்பாறைக்கு அப்பால், மேல்மலையில் இருக்கிறது. படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டு, உருளை, கேரட். நிலம் முடிகிற இடத்தில் காடு. லெப்டினன்ட் வார்டு 1821இல் இந்த மலையை அளக்க வந்தபோதே இங்கே குன்னுவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். கொடைக்கானல் என்ற ஊர் பிறகுதான் வந்தது. காட்டுப்பன்றியும் காட்டுமாடும் அதற்கெல்லாம் முந்திய குடிகள்.

லிட்டன் பிரபுவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்த துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் உழவனுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் மட்டும் வேறு துப்பாக்கி. அதாவது, உலகம் கைவிட்டு நூறு வருடமான ஒரு கருவியை நம் சட்டம் உழவனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்தது. பெருந்தன்மையா பயமா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். எனக்குப் பயம் என்றுதான் படுகிறது.

கூக்காலில் ஒரு பெரியவர் இதைப் பற்றி என்னிடம் சொன்னது: "குதிரைய ஏத்தியே வச்சா வில்லு செத்துப்போகும் தம்பி. எறக்கி வச்சா மனுசன் செத்துப்போவான். ரெண்டுக்கும் நடுவுலதான் நாங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தோம்."

முதல் பாதியை எஃகு அப்படியே ஒத்துக்கொள்ளாது. நல்ல வில்லை அதன் மீள்தன்மை எல்லைக்குள் அழுத்தி வைத்தால் வருடக்கணக்கில் கிடந்தாலும் பெரிதாகச் சோராது. உலோகம் களைப்பது திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்வதால். ஜெர்மனியின் வோலர் 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை வைத்துச் சோதித்துக் காட்டியது அதைத்தான். ஆனால் பெரியவர் பேசியது தொழிற்சாலை வில்லைப் பற்றி அல்ல. உள்ளூர்ப் பட்டறையில் அடித்து, கண்ணால் நிறம் பார்த்துப் பதம் வைத்த பட்டை வில் ஒரே சீராக இருக்காது. மேல்மலை மூடுபனியில் அதன் மேல் ஒரு துருப்புள்ளி விழுந்தால், விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். ஏற்றி வைத்தால் அந்தப் புள்ளியின் மேல் இழுப்பு ஓயாமல் இருக்கும். அவருடைய பயத்துக்கு அனுபவத்தில் காரணம் உண்டு.

இரண்டாவது பாதிதான் கனமானது. .303 ரைஃபிளில் தோட்டாவை எடுத்துவிட்டு, அறை காலியா என்று பார்த்து, போல்ட்டை மூடி, விசையை அமுக்கினால் வில் தளர்ந்துவிடும். பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சியில் அதற்குத் தனிக் கட்டளையே இருந்தது, 'ஈஸ் ஸ்பிரிங்ஸ்' என்று. வாய்வழித் துப்பாக்கியில் அந்த வசதி கிடையாது. மருந்தும் ரவையும் கெட்டித்தாகிவிட்டால் ஒன்று சுட வேண்டும், இல்லையென்றால் குச்சியில் திருகாணி மாட்டிக் குழாய்க்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டும். விடியும்வரை பன்றி வரவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டால் மருந்துக் காசு போச்சு. அப்படியே குடிசை மூலையில் சாத்தி வைத்தால்? கேப்பை எடுத்துவிட்ட பிறகே குதிரையை மெல்ல இறக்க வேண்டும். கேப்பின் மேல் இறக்கி வைத்தால், கீழே விழும் ஒரு தட்டு போதும். பாதி ஏற்றி நிறுத்தலாம்தான். ஆனால் அதைத் தாங்கும் பல் தேய்ந்திருந்தால் குதிரை தானாக விழும். சுட்டு முடித்தாலும் வேலை ஓயாது. கருமருந்தின் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போடாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும்.

இத்தனை பக்குவமும் இப்போது எதைக் காக்க என்ற கேள்வி இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கி.மீ.க்குள்ளோ குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர் வனத்துறையில் தன் பெயரைப் பதிய வேண்டும். வன உயிரினத் தலைமைக் காப்பாளரின் இசைவில்லாமல் அந்த வட்டத்தில் புது உரிமம் தரக்கூடாது. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் சுமார் 609 சதுர கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்டதும் மேல்மலை அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. காட்டுமாட்டைச் சுட முடியாது, சுடவும் கூடாது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது: காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கூக்காலின் பூண்டு வயல்கள் காட்டை ஒட்டிக் கிடக்கின்றன.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் நடத்தை விதி வந்த மார்ச் 16இலிருந்து ஓட்டு எண்ணிய ஜூன் 4வரை 80 நாள். எண்ணெய் போட்டுக் கொடுப்பது சொந்தக்காரன் பொறுப்பு. நடுவில் யாரும் எடுத்துத் துடைக்கப் போவதில்லை. இந்த மலையில் வில்லைக் கெடுப்பது குதிரையை ஏற்றி வைத்த ராத்திரிகளைவிட இந்த மாதிரிச் சும்மா கிடக்கும் மாதங்கள்தான்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமக்காரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். பெரியவரின் மகன் இன்னும் கேட்கவில்லை. "கேப்பு எங்க கெடைக்குது இப்ப?" என்கிறார் அவர்.