நிறம் மாறும் காகிதம்

காற்றில் கலந்திருப்பதை நிறத்தால் கண்டறிய முயன்ற முன்னோடிகளில் ஒருவர் ஷேன்பைன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியல் பேராசிரியர். பிரெஞ்சுப் பள்ளியில் அந்த ஊரை நாங்கள் 'பால்' என்றே படித்தோம்.

தண்ணீரில் மின்சாரம் செலுத்தியபோது எழுந்த ஒரு வாடைக்கு 1840இல் ஓசோன் என்று பெயர் வைத்தார். அலுவலகத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்தருகே நாம் நுகர்ந்ததும் அதே வாடைதான்.

கஞ்சிப்பசையில் பொட்டாசியம் அயோடைடு கலந்து காகிதத்தில் தடவினார். ஓசோன் பட்டால் அயோடின் பிரியும், கஞ்சி நீலமாகும். ஐரோப்பாவில் பலர் இதை வெளியே தொங்கவிட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தார்கள். ஆனால் காற்றின் ஈரப்பதமும் நிறத்தை மாற்றியது. ஆகவே பாரிஸ் மோன்சூரி ஆய்வகம் 1876 முதல் காற்றைக் கரைசலுக்குள் செலுத்தி ஓசோனை அளந்தது.

ஓசோன் குறைந்தால் காலரா வரும் என்று அன்று மருத்துவர்கள் சிலர் நம்பினார்கள். காலரா பரவியதோ அசுத்தமான தண்ணீரால். நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குத்தான் கேடு. நம் நாட்டின் காற்றுத்தரக் குறியீட்டில் வரும் எட்டு மாசுகளில் அதுவும் ஒன்று. வெயில் ஏற ஏற அது கூடும். ஆஸ்துமா உள்ள நம் வயதினர் கோடைப் பிற்பகலில் வெளியே அலையாமல் இருப்பது நல்லது.