கரண்டியும் சிற்பமே

திருப்பூர் மாநகராட்சியுடன் 2011-இல் இணைந்த நல்லூர், பனியன் தொழிலாற் செழித்த ஊர். இங்கே உலோகப் பேச்சு எதற்கென அன்பர்கள் வினவலாம். அதே நகரின் மற்றொரு பகுதியான அனுப்பர்பாளையம் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றதன்றோ? ஆயினும் குடத்தையும் அண்டாவையும் புகழ்வோர் பலர். கரண்டியைப் பற்றிப் பேசுவார் இலர்.

பூஜைப் பெட்டியிலுள்ள உத்தரணியைக் கையிலெடுத்துப் பாருங்கள். தீர்த்தம் மொள்ளும் குழி மிகச் சிறிது. காம்பின் தலையிலோ படமெடுத்த நாகம், சிலவற்றில் நந்தி. இதனைச் செய்யும் முறை இரண்டு. மெழுகில் உருச் சமைத்து, மண் பூசிச் சுட்டு, மெழுகை வடித்தபின் உருகிய உலோகத்தை வார்ப்பது ஒன்று. கம்பியின் ஒரு முனையைத் தட்டித் தகடாக்கிக் குழிப்பது மற்றொன்று. அடிக்க அடிக்கப் பித்தளை விறைக்கும். இடையிடையே உலையிற் காய்ச்சி இளக்காவிடின் வெடித்துவிடும். குழியும் காம்பும் கூடுமிடமே கைத்திறனுக்குச் சோதனை. தடித்தால் அழகு கெடும், மெலிந்தால் வளையும். சிலை வார்க்கும் கையும் இதற்கு வேண்டும், பாத்திரம் தட்டும் கையும் வேண்டும்.

நிற்க. கலைஞரொருவர் கற்றுத் தேடி இத்தொழிலுக்கு வந்த வரலாறு இங்கிலாந்திலுண்டு. சி. ஆர். ஆஷ்பீ என்பார் கட்டடக் கலைஞர். அவர் 1888-இல் கிழக்கு லண்டனில் கைத்தொழிலாளர் கழகமொன்றை நிறுவினார். சேர்ந்தவருட் பெரும்பாலோர் உலோகவேலை அறியாதவர். வழிகாட்டப் பரம்பரை ஆசான் இல்லாமையால், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியின் நூலை ஆஷ்பீயே மொழிபெயர்த்து 1898-இல் வெளியிட்டார். நம் பட்டறைச் சிறுவன் உலையருகே இருந்து கற்பதை அவர்கள் ஏட்டினின்று கற்றனர்! கல் பதித்த வெள்ளிக் கரண்டிகள் அங்ஙனம் பிறந்தன. 1902-இல் குடும்பங்களோடு சிப்பிங் காம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். இயந்திரத்திற் செய்த மலிவான போலிகள் கடைகளை நிரப்பவே, சில ஆண்டுகளிற் கழகம் நொடித்தது.

அவ்வூரை அடுத்தே வாழ்ந்தார் கொழும்பிற் பிறந்த நம் தமிழர் ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் அறிஞராயிருந்து கைவினை ஆராய்ச்சிக்குத் திரும்பியவர் அவர். இந்தியக் கைவினைஞரைப் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஆஷ்பீயே. தம் நாட்டில் நிலைநிறுத்த முயன்று இழந்தது இந்நாட்டில் மரபாக நடந்துவருவதைக் கண்டு அவர் வியந்திருத்தல் இயல்பே.

இங்கும் அது தேய்ந்தே வந்தது. 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் சாட்டர்டன் துரை அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் எவர்சில்வர் வந்தது. இன்று வீட்டுக் கரண்டி பெரும்பாலும் தகட்டினின்று அச்சில் வெட்டப்படுவது.

ஆஷ்பீயின் கழகத்து வெள்ளி வேலைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் விளங்குகின்றன. வடிவம் வரைந்தவர் அவர். சுத்தியல் பிடித்தவர் பெயரைக் கேட்போர் சிலரே. நம் உத்தரணிக்கோ வரைந்தவர் பெயருமில்லை, அடித்தவர் பெயருமில்லை. அனுப்பர்பாளையத்து முதியோரை அறிந்த அங்கத்தினர்கள், உத்தரணியும் நெய்க்கரண்டியும் கையாற் செய்தவர்களின் பெயரையும் வேலை முறையையும் கேட்டெழுதிச் சங்கத்துக்கு அனுப்பியுதவக் கோருகிறோம்.