பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் ஆற்றல் ஓட்டம்

பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையில், வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையே உள்ள தாழ்வான ஈரநிலம் ஆகும். மக்கள் இதனைக் கழுவெளி என்றும் அழைப்பர். தாம்பரம் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் செல்லும் தொடராக அமைந்தவை. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக இங்கு வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்கிறது.

இச்சதுப்புநிலம் சுருங்கிய வரலாறு பெரும்பாலும் வெள்ளத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. உணவு வலையின் வழியே பார்த்தால் அந்த இழப்பின் மற்றொரு பக்கம் புலப்படும்.

கருத்தின் வரலாறு

உயிரினங்களின் உணவுத் தொடர்பை உணவுச் சங்கிலியாக விளக்கியவர் ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் எல்டன். அவரது நூல் 1927இல் வெளிவந்தது. அத்தொடர்பை ஆற்றல் கணக்காக மாற்றியவர் அமெரிக்காவின் ரேமண்ட் லிண்டமன். மினசோட்டாவில் உள்ள ஒரு சிறிய ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. பின்னர் 1942இல் அது அச்சேறியபோது லிண்டமன் உயிருடன் இல்லை. அவர் இறந்தபோது வயது 26.

ஓர் உணவூட்ட நிலையில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்று பாடநூல்கள் கூறும் விதி இந்த ஆய்வுவழி வந்ததே. உண்மையான அளவு இடத்துக்கு இடம் மாறும். எஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி சுவாசத்தில் வெப்பமாக வெளியேறுகிறது. மற்றொரு பகுதி உண்ணப்படாமலோ செரிக்காமலோ மட்குப்பொருளாகிறது. சத்துப்பொருள்கள் மண்ணுக்குத் திரும்பிச் சுழலும். வெப்பமாகப் போன ஆற்றல் திரும்புவதில்லை.

சதுப்பின் உணவு வலை

பள்ளிக்கரணையில் பாசிகள், கோரை, சம்பு, நீர்த்தாவரங்கள் ஆகியவை உற்பத்தியாளர்கள். நீலத் தாழைக்கோழி இளந்தண்டுகளையும், நாமக்கோழி நீர்த்தாவரங்களையும் நேரடியாக உண்கின்றன. இது மேய்ச்சல் உணவுச் சங்கிலி.

ஆனால் சதுப்பில் வளரும் புல்லில் பெரும்பகுதி பச்சையாக உண்ணப்படுவதில்லை. அது மடிந்து சேற்றில் விழுகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைச் சிதைக்க, புழுக்களும் நத்தைகளும் அந்தச் சேற்றில் இரை தேடுகின்றன. அவற்றைச் சிறு மீன்களும், சிறு மீன்களை விராலும், இரண்டையும் நாரை, கூழைக்கடா போன்ற பறவைகளும் உண்கின்றன. இது மட்குப்பொருள் உணவுச் சங்கிலி. இரு சங்கிலிகளும் பல இடங்களில் பின்னிக்கொள்வதே உணவு வலை.

எடுத்துக்காட்டாக, தாவரங்கள் 10,000 அலகு ஆற்றலைச் சேர்த்தால் புழுக்களுக்கும் நத்தைகளுக்கும் 1,000, சிறு மீன்களுக்கு 100, அவற்றை உண்ணும் நாரைக்கு 10 அலகே எட்டும். ஆகவே, ஒரு நாரை வாழப் பரந்த பசும்பரப்பு தேவை.

சுருங்கிய அடித்தளம்

1960களின் நடுவில் இச்சதுப்புநிலம் சுமார் 5,500 ஹெக்டேர் பரப்பில் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. பின்னர் குடியிருப்புகளும், கல்வி, ஆய்வு நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், சாலைகளும் இதனுள் எழுந்தன. பெருங்குடியில் மாநகரக் குப்பை கொட்டப்பட்டது. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை சதுப்பின் குறுக்கே செல்கிறது.

சூரிய ஒளி பரப்பின் அளவுக்கே கிடைக்கிறது. நான்கில் மூன்று பங்கு நிலம் மண்ணிட்டு மூடப்பட்டால், அந்த நிலத்தில் தாவரங்கள் பிடித்த ஆற்றலும் இல்லாமற்போகும். கூரைமீதும் தார்ச்சாலைமீதும் விழும் வெயில் வெப்பமாக மட்டுமே மாறும். அந்த இழப்பு ஒவ்வொரு நிலையாக மேலேறி, எண்ணிக்கையில் ஏற்கெனவே குறைவான மீனுண்ணிப் பறவைகளைக் கடுமையாகத் தாக்கும்.

எஞ்சிய பரப்பிலும் ஓட்டம் மாறியுள்ளது. கழிவுநீரில் வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை ஆகாயத்தாமரையைப் பெருக்குகின்றன. அது நீர்ப்பரப்பை மூடி உள்ளே ஒளி புகாமல் தடுக்கிறது. மடிந்தபின் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரின் ஆக்சிஜனை உறிஞ்ச, மீன்கள் இறக்கின்றன. ஆற்றல் தாவரத்தில் ஏராளமாகச் சேர்ந்தும் பறவை வரை செல்லாமல் இடையில் நின்றுவிடுகிறது. குப்பைமேடோ வெளியிலிருந்து வரும் உணவால் காகம், கரும்பருந்து, தெருநாய் போன்றவற்றையே பெருக்குகிறது.

பாதுகாப்பு

2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தளமாயிற்று. முன்னைய பரப்போடு ஒப்பிட்டால் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லை வரைவது மிஞ்சிய அடித்தளத்தைக் காக்கும். அந்த அடித்தளத்தில் சேரும் ஆற்றல் நாரை வரை சென்றடைய, செம்பாக்கம் முதல் நாராயணபுரம் வரையுள்ள ஏரிகளில் கழிவுநீர் கலக்காதிருத்தலும் வேண்டும்.