கைசரின் இடக்கையும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கையும்



பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளை உள்ள வீட்டார், பிள்ளைப் பேறுக்குக் காத்திருப்பவர்கள், என்னைப் போன்ற ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் முதலாம் உலகப் போர் வரும்போது ஜேர்மனியின் கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் படமும் வரும். முறுக்கி விட்ட மீசை, மார்பு நிறையப் பதக்கங்கள். அடுத்த முறை அவருடைய படங்களைப் பார்த்தால் இடக்கையைக் கவனியுங்கள். ஒன்றில் வாளின் பிடிமேல் இருக்கும், அல்லது பைக்குள் இருக்கும், அல்லது கையுறையைப் பிடித்தபடி இருக்கும். அந்தக் கை மற்றதை விடச் சுமார் 15 சென்டிமீற்றர் குட்டை. அது தெரியாமலிருக்கவே இத்தனை ஏற்பாடும்.

அவர் பிறந்தது 1859 ஜனவரி 27, பெர்லினில். தாய் விக்டோரியா, இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் மூத்த மகள். அப்போது அவருக்கு வயது 18. முதல் பிரசவம், பிள்ளை தலைகீழாகத் திரும்பவில்லை, கால் பக்கமாக வந்தது. மணிக்கணக்கில் நீடித்த பிரசவத்தில் தாயும் பிள்ளையும் தப்பியதே பெரிய விடயம். பிள்ளையை வெளியே எடுத்தபோது மூச்சில்லை, தட்டித் தட்டித்தான் அழ வைத்தார்கள். இடக்கை அசையவில்லை என்பது சில நாட்கள் கழிந்த பின்னரே கண்ணில் பட்டது.

பிறகு தொடங்கியது வைத்தியம். அறுத்த சூடு ஆறாத முயலின் உடலுக்குள் அந்தச் சின்னக் கையை வைத்தார்கள், மிருகத்தின் உயிர்ச்சூடு கைக்கு ஏறுமாம். மின்சாரம் பாய்ச்சினார்கள். நல்ல கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, இயங்காத கையைப் பாவிக்கச் சொன்னார்கள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபோது இரும்புக் கருவியில் தலையை மாட்டி இழுத்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய அரச குடும்பம், கேட்ட நேரத்துக்கு வைத்தியர்கள். ஆனால் ஒன்றும் பலிக்கவில்லை.

ஏன்? எல்லோரும் நோயைக் கையில் தேடினார்கள். காயமோ கழுத்தில் இருந்தது.

கழுத்தின் முள்ளந்தண்டிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிணைந்து, காறை எலும்புக்குக் கீழால் கைக்குப் போகின்றன. பிரசவத்தில் தோள் சிக்கும்போதோ, கால் பக்கமாக வரும் பிள்ளையின் தலை கடைசியில் சிக்கும்போதோ கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இழுபட்டு இந்த நரம்புகள் நீளும், சில வேளை அறுந்தும் போகும். கையின் எலும்பும் தசையும் நன்றாகவே இருக்கும், ஆனால் மூளையின் கட்டளை போய்ச் சேராது.

இப்படிப் பிறந்த பிள்ளைகளை முன்னரும் கண்டிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பிரசவ வைத்தியர் வில்லியம் ஸ்மெல்லி எழுதி 1764இல் வெளிவந்த நூலில், இரண்டு கைகளும் அசையாமல் பிறந்து சில நாட்களில் சரியான ஒரு பிள்ளையின் குறிப்பு உண்டு. ஆனால் 1872இல்தான் பிரான்சின் டுஷென் இதைப் பிரசவத்தால் வரும் கை முடக்கம் என்று பிரித்து எழுதினார். 1874இல் ஜேர்மனியின் வில்ஹெல்ம் ஏர்ப், கழுத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்சாரம் கொடுத்தால் தோளும் முழங்கையை மடக்கும் தசையும் ஒன்றாக அசைவதைக் கண்டார். இந்தப் பிள்ளைகளில் வேலை செய்யாதவையும் அதே தசைகள்தான். ஆகவே காயம் ஐந்தாம், ஆறாம் கழுத்து நரம்பு வேர்களில் என்று காட்டினார். இன்றும் வைத்தியர்கள் இதை 'ஏர்ப் முடக்கம்' என்றே சொல்கிறார்கள்.

விரல்கள் முடங்கும் வகையை 1885இல் விளக்கியவர் ஒரு பெண், ஒகஸ்டா க்லும்ப்கே. கைசர் பிறந்த அதே 1859இல் அமெரிக்காவில் பிறந்து, பாரிஸில் மருத்துவம் படித்தவர். பெண்களை வைத்தியசாலைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டோம் என்ற காலத்தில் சண்டை போட்டு உள்ளே போனவர். நம் பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆக, நோயின் பெயர் தெரிய வந்தபோது இளவரசருக்கு வயது 13. அதற்குள் அவரது பிள்ளைப் பருவம் முடிந்து விட்டது.

தாயின் நிலையையும் சொல்ல வேண்டும். வாரிசு ஊனமாகப் பிறந்து விட்டானே என்ற வேதனையும் வெட்கமும் அவரது கடிதங்களில் தெரிகின்றன. எதிர்காலப் பேரரசன் குதிரை ஏறாமல் இருக்கலாமா என்று, சமநிலை பிடிக்க முடியாத சிறுவனை ஆசிரியர் ஹின்ஸ்பீற்றர் குதிரையில் ஏற்றினார். விழ விழ, அழ அழ, திரும்பத் திரும்ப ஏற்றினார். சிறுவன் குதிரை ஓடப் பழகினான். தாய்க்கும் மகனுக்கும் இடையில் மட்டும் கசப்பு வளர்ந்து, கடைசி வரை முழுதாக ஆறவில்லை.

சிலர் அந்தக் கைதான் உலகப் போரைக் கொண்டு வந்தது என்று எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. போருக்கு அரசுகளின் போட்டியும் கூட்டணிகளும் ஆயுதங்களும் காரணம். அதே காயத்தோடு எத்தனையோ பேர் தச்சு வேலை செய்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், யாரோடும் போருக்குப் போகவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் கையை மறைக்கவே பழகினால், அந்தப் பழக்கம் 80 வயது வரை கூடவே வரும் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

வைத்தியம் அதோடு நிற்கவில்லை. 1903இல் கிளாஸ்கோவின் ரொபர்ட் கென்னடி அறுந்த நரம்பைத் தைத்த சத்திரசிகிச்சை பற்றி எழுதினார். பலன் போதாமல் அந்த முயற்சி பல்லாண்டு கைவிடப்பட்டது. 1970களில் நுணுக்குக்காட்டியின் கீழ் நரம்பைத் தைக்கும் முறை வளர்ந்த பிறகு, பாரிஸில் அலன் கில்பேர்ட் போன்றவர்கள் மீண்டும் தொடங்கினார்கள். பிள்ளை மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்கத் தொடங்குகிறதா என்பதை அவர்கள் முக்கிய அடையாளமாகக் கொண்டார்கள்.

இன்று தெரிந்தது இதுதான். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டுக்கு இப்படி நடக்கிறது. பிள்ளையின் எடை கூடுவது ஒரு காரணம், அதனால்தான் கர்ப்ப காலத்தில் சீனி பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் காரணமும் முன்கூட்டித் தெரியாத பிரசவங்களிலும் இது நடக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகத் தேறும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், பொறுமை வேண்டும். அதற்குள் மூட்டு இறுகாமலிருக்க, இயன்மருத்துவர் காட்டித் தரும் பயிற்சியைத் தாயும் தகப்பனும் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும்.

எனவே உறவுகளே,

பிறந்த பிள்ளையின் ஒரு கை துவண்டு, உட்பக்கம் திரும்பிக் கிடந்தால் "நாற்பது கழியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். எண்ணெய் போட்டு இழுத்து உருவ விடாதீர்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். உடுப்பு போடும்போது அந்தக் கையை முதலில் போடுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வயிற்றில் இருக்கும்போது என்ன செய்தாய்?" என்று அந்தத் தாயிடம் கேட்காதீர்கள். அவள் எதுவும் செய்யவில்லை.

இன்னொன்று. இந்தக் காயம் வலக்கைக்கே கூடுதலாக வருகிறது. ஆகவே நம் வீடுகளிலும் மத்ரஸாவிலும் சோற்றை இடக்கையால் எடுக்கும் பிள்ளையைக் கண்டால் அதட்டும் முன் விசாரியுங்கள். தகுந்த காரணம் உள்ளவருக்கு அதில் குற்றமில்லை என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தக்பீருக்கு ஒரு கை குறைவாக உயர்ந்தால் அது அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆசிரியர்களே, பட்டப் பெயர் வைக்க விடாதீர்கள். விளையாட்டுப் போட்டியில் ஓரமாக இருத்தாதீர்கள், குதிரையில் ஏற்றியது போல் வதைக்கவும் வேண்டாம். உனக்கு எப்படி வசதி என்று பிள்ளையிடமே கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

கைசருக்கு முயல் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது, இரும்புக் கருவி கிடைத்தது. கையை மறைக்காமல் உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை. அதை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க அரண்மனை தேவையில்லை.

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.