செம்மறி சொறிச் சிற்றுண்ணியின் தசைப்புரத ஒவ்வாமையூக்கிகள்

செம்மறியாட்டுச் சொறிநோயை உண்டாக்கும் சோரோப்டெஸ் ஓவிஸ் என்னும் சிற்றுண்ணியின் தசைகளில் அமைந்து, ஆட்டின் உடலில் ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டும் புரதங்கள்.

வகைப்பாடு: ட்ரோப்போமையோசின் (சோ ஓ 10), பாராமையோசின் (சோ ஓ 11) ஆகிய இரண்டும் முதன்மையானவை. வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியின் டெர் பி 10, டெர் பி 11 ஆகியவை இவற்றின் ஒப்புப் புரதங்கள்.

இயல்புகள்: ட்ரோப்போமையோசின் இரு சுருளிழைகள் பின்னிய புரதம், தசைச் சுருக்கத்தை ஒழுங்குபடுத்துகிறது. இறால் ஒவ்வாமைக்கும் இவ்வகைப் புரதமே முக்கியக் காரணம். பாராமையோசின் முதுகெலும்பிலிகளின் தசைகளில் மட்டும் காணப்படுவது.

நோய்: ஒரு மி.மீ.க்கும் குறைவான நீளமுள்ள இச்சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே செல்லாமல், மேற்பரப்பில் கசியும் நீரை உண்கிறது. அதன் ஒவ்வாமையூக்கிகளால் தோல் அழற்சியுற்று, மஞ்சள்நிறப் பொருக்கு படிகிறது. கடும் அரிப்பால் ஆடு வேலியில் உரசிக்கொள்ள, கம்பளி உதிர்கிறது.

வரலாறு: பிரிட்டனில் 1952இல் ஒழிக்கப்பட்ட இந்நோய் 1973இல் மீண்டும் தோன்றியது. இவ்விரு புரதங்களின் மூலக்கூற்று விவரிப்பு 2006இல் வெளியானது.

முக்கியத்துவம்: இந்நோய்க்குத் தரப்படும் மாக்ரோசைக்ளிக் லாக்டோன் ஊசிமருந்துகளுக்கு இச்சிற்றுண்ணி எதிர்ப்புத்திறன் பெற்றது 2018இல் பிரிட்டனில் பதிவானது. எனவே தடுப்பூசி ஆய்விலும் நோயறி சோதனை ஆய்விலும் சிற்றுண்ணிப் புரதங்கள் கவனம் பெறுகின்றன.