செய்திக்கு முன் ஒரு ராகம் – 6
யாருடா போனது?

சென்ற வாரம் பம்பாய்த் துறைமுகத்தில் ஓர் ஆளை இறக்கி நிறுத்திவிட்டுத் ‘தொடரும்’ போட்டேன். ஆண்டு 1934. பெயர் வால்டர் காஃப்மன். கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர், முப்பது வயது ஆகவில்லை, இசை படித்தவர். ‘இந்த ஆளுக்கும் நம்மூர் டிவி செய்திக்கும் என்னப்பா சம்பந்தம்?’ என்று மறைமலை நகர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒருவர் என்னை மடக்கினார். சம்பந்தம் இருக்கிறது. பொறுங்கள்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பிராகாவில் காஃப்மன் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்திருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டெறிந்தார். அடுத்து எங்கே போவது? இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது, வந்தேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஞானம் தேடி வந்தேன் என்றெல்லாம் கதை விடவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

நம் சங்கீதத்தை இசைத்தட்டில் முதன்முதலாகக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோடிக்கணக்கான பேர் ரசிக்கிற இசை எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டி, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். 1937-இல் பம்பாய் வானொலி நிலையத்தில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாளரானார். அகில இந்திய வானொலிக்கு அந்தப் பெயர் வந்து அப்போது ஓராண்டுதான். அதன் ஒலிபரப்பு தொடங்கும்போது வருமே, தம்பூரா ஸ்ருதியின் மேல் ஒற்றை வயலின், அது இவர் கைவேலை. வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, ஜுபின் மேத்தாவின் அப்பா. தாக்கூர் பல்வந்த் சிங் போட்டது என்பாரும், ஜான் ஃபௌல்ட்ஸ் போட்டது என்பாரும் உண்டு. நான் காஃப்மன் கட்சி.

ராகம் சிவரஞ்சனி. பாட்டு வாத்தியாரிடம் நான்கு மாதம் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும், மோகனத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றினால் சிவரஞ்சனி. அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு சாதாரண காந்தாரத்தை வைக்க வேண்டும். அரைப்படி இறக்கம், அவ்வளவுதான். மோகனத்தின் சிரிப்பு அங்கேயே நின்றுபோய்விடும். நம் சினிமாவில் கதாநாயகியைக் கண்ணீரும் கம்பலையுமாக உட்கார வைக்க வேண்டுமென்றால் இசையமைப்பாளர் கை தானாகப் போகும் ராகம் அது. தாய்மண்ணை விட்டு வந்த ஒருவர் ஒரு தேசத்தின் வானொலிக்கு மெட்டுப் போட உட்கார்ந்தபோது இதுவா விரலில் வர வேண்டும்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மெட்டு ஒலிபரப்பின் தொடக்கத்துக்குத்தான். செய்திக்கு அல்ல. செய்திக்கு முன் வந்தது வெறும் ‘கூக்... கூக்...’ என்ற மணியொலி. அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யாத அப்பா ஒருவர் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. பிறகு, “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி.” இசை கிடையாது, முன்னுரை கிடையாது. போட்டியாளர் இல்லாத கடைக்கு வாசலில் ஆள் நின்று கூவ வேண்டாம் அல்லவா?

அந்த ‘ஆகாசவாணி’ எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் நெருடும். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட, தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளின் பெயரில் உள்ள ஊர் இது. ‘வானொலி’ என்று அழகான சொல் இருக்கும்போது ஆகாசவாணி எதற்கு என்று தமிழ்நாட்டில் நடந்த சண்டை தனி அத்தியாயம். அடிகள் மறைந்தது 1950 செப்டம்பர் 15. ஒன்பது ஆண்டு கழித்து அதே செப்டம்பர் 15-இல் டெல்லியில் தொலைக்காட்சி பிறந்தது. அதற்குப் பின்னால் வைத்த பெயர் தூர்தர்ஷன். அடிகள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்திக்கு இசை எங்கிருந்து வந்தது? போட்டி இருந்த இடத்திலிருந்து. அமெரிக்காவில் என்.பி.சி. 1956-இல் ஹன்ட்லி, பிரிங்க்லி என்ற இருவரை உட்கார வைத்து மாலைச் செய்தி தொடங்கியது. நிகழ்ச்சி முடிவில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலிருந்து இரண்டாம் பகுதி அதிரும். செத்துப்போன மேதைக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி. அதே 1956-இல் ஜெர்மானியர்கள் தங்கள் எட்டு மணிச் செய்திக்கு ஹான்ஸ் கார்ஸ்டே எழுதிய மெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தார்கள், ஆறே ஸ்வரம். 1967-இல் லண்டனில் பி.பி.சி.க்கு எதிராக ஐ.டி.என். பத்து மணிச் செய்தியைக் கொண்டுவந்தபோது ஜானி பியர்சனின் இசையோடு பிக் பென் மணியையும் சேர்த்தது. ஒவ்வொரு தலைப்புச் செய்திக்கும் நடுவே ஒரு ‘டாங்’. செய்தியைவிட அந்த டாங்குக்குத்தான் பாதி இங்கிலாந்து காத்திருந்தது.

இங்கே? சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை பிறந்து ஐம்பது நாள்தான். அப்போது தொலைக்காட்சி வானொலியின் மடியில் கிடந்த குழந்தை. 1976 ஏப்ரல் 1-இல் அதைத் தனியே பிரித்தார்கள். தனிக்குடித்தனம் என்றால் புது முகம் வேண்டும், புது மெட்டு வேண்டும்.

முகத்தை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா. பல வரைபடங்களிலிருந்து இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தது அவருடையதை. இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று சுற்றி வந்து நடுவில் ஒரு உருண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணாக நிற்கும். மெட்டு, பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. வாத்தியம் ஷெனாய்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஏப்ரல் 1, காஃப்மனின் 69-ஆவது பிறந்த நாள். அவர் அமெரிக்காவில், இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த 1976-இல்தான் தென்னிந்திய ராகங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. தன் மெட்டோடு இருந்த பிள்ளை தனிக்குடித்தனம் போன நாளில் அவர் கேக் வெட்டினாரோ, சிவரஞ்சனியின் ஆரோகணத்தைத்தான் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாரோ.

இனி ஷெனாய். வடக்கே அது மங்கல வாத்தியம். கல்யாண வீட்டு வாசலில் ஒலிப்பது. டெல்லிக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அதை எடுத்தார்கள். விடியற்காலை, கோயில் வாசல், புது நாள் என்றெல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். நமக்குக் கல்யாணம் என்றால் நாகஸ்வரம். ஷெனாயை நாம் கேட்டது எங்கே? சினிமாவில். தாலி அறும்போது, தாய் சாகும்போது, காதலி ரயிலேறும்போது. திரையில் கதாநாயகி அழுவதற்கு முன்பே ஷெனாய் அழுதுவிடும். டெல்லி மங்கலமாக அனுப்பியது திருச்சிக்குத் தெற்கேயும் வடக்கேயும் ஒப்பாரியாகத்தான் விழுந்தது.

இதை ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. என் பாட்டி சொல்லித் தெரியும்.

நாங்கள் மறைமலை நகருக்கு வந்தபோது அது எம்.எம்.டி.ஏ. வரைபடத்தில் துணை நகரம், நேரில் பார்த்தால் பொட்டல். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு. எங்கள் வரிசையில் முதலில் டிவி வாங்கியது அப்பா. டயனோரா, கறுப்பு வெள்ளை, முன்னால் இழுத்து மூடும் மரக்கதவு. சென்னை சுவாமி சிவானந்தா சாலைத் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கும் எங்கள் மொட்டை மாடிக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆன்டெனாவை உயரமான குழாயில் கட்டியும், காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். சாயங்காலம் அதைத் திருப்புவது என் உத்தியோகம்.

“அப்பா, வருதா?”

“கொசு கொசுன்னு வருதுடா. இன்னும் கொஞ்சம் வடக்க.”

“இப்ப?”

“போச்சு! முன்னாடி இருந்த இடத்துக்கே போ!”

படம் வருகிறதோ இல்லையோ, ஒலி வந்துவிடும். பெட்டியின் குமிழைத் திருகினால் படக்குழாய் சூடேறச் சில விநாடி ஆகும், அதற்குள் ஒலி முந்திக்கொள்ளும். ஆகவே எங்கள் வீட்டில் அந்தக் கண் சுழல்வதற்கு முன்னால், கறுப்புத் திரையிலிருந்து ஷெனாய் மட்டும் கிளம்பும். முதல் நாள் பாட்டி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

“யாருடா போனது?”

“யாரும் போகலை பாட்டி. டிவி ஆரம்பிக்குது.”

“ஆரம்பிக்கிறதுக்கா இப்படி அழறான்?”

அதன்பிறகு அது வீட்டில் தினசரி வேடிக்கையாயிற்று. ஷெனாய் கேட்டதும் யாராவது ஒருவர் “யாருடா போனது?” என்பார். பாட்டியும் சேர்ந்து சிரிப்பாள். ஷெனாய் முடியும், நிகழ்ச்சிகள் வரும், பிறகு தமிழ்ச் செய்தி, ஷோபனா ரவியின் முகம், எல்லாம் ஒழுங்காக நடக்கும். யாரும் போயிருக்க மாட்டார்கள்.

1984 அக்டோபர் 31 வரை.

அந்த அக்டோபர் முழுவதும் தமிழ்நாட்டுக்கு வயிற்றில் புளி. 5-ஆம் தேதியிலிருந்து எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் இருந்தார். கோயில்களில் அர்ச்சனை, தேவாலயங்களில் ஜெபம், தர்காக்களில் துஆ. மாத நடுவில் இந்திரா காந்தியே சென்னைக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். ஊரே வானொலியை ஒரு காதில் வைத்துக்கொண்டுதான் மற்ற வேலைகளைப் பார்த்தது.

புதன்கிழமை. மத்தியானம் டிவி கிடையாது, சாயங்காலம்தான். ரேடியோவில் வழக்கமான பாட்டு நின்று வெறும் வாத்திய இசை ஓடியது என்றுதான் எங்கள் தெருவில் இன்னும் எல்லோரும் நினைவு சொல்கிறார்கள். வீணை என்பார் ஒருவர், சாரங்கி என்பார் இன்னொருவர். பேச்சு இல்லை. நேரம் சொல்லும் குரல்கூட அடங்கியே வந்ததாம். எந்தச் செய்தியும் வாசிக்கப்படவில்லை, ஆனால் கேட்ட அத்தனை பேருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. என்ன செய்தி என்பதில்தான் தப்பு.

மளிகைக் கடைக்காரர் பலகையைச் சாத்தத் தொடங்கினார். எதிர் வீட்டு அக்கா எம்.ஜி.ஆர். படம் போட்ட காலண்டருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பள்ளியைப் பாதியில் விட்டு நாங்கள் வந்துகொண்டிருந்தோம். “போயிட்டாராண்டா” என்றான் கூட வந்த பையன். யார் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் தாம்பரம் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு பழைய சிற்றலை ரேடியோ. பி.பி.சி. உலகச் சேவைக்கு அப்போது அடையாள இசை லில்லிபுலேரோ என்கிற ஒரு பழைய பட்டாள மெட்டு. துள்ளிக்கொண்டு வரும், துக்கம் விசாரிக்க வந்த வீட்டில் விசிலடிப்பதுபோல. அது கேட்டால் மாமா ரேடியோவுக்குப் பக்கத்தில் போய்விடுவார் என்பது தெருவுக்கே தெரியும். அன்றும் அந்த மெட்டு அவர் ஜன்னலிலிருந்து கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மாமா வெளியே வந்தார். பனியனோடு. தெருவில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். காலண்டருக்கு முன்னால் அழுதுகொண்டிருந்த அக்காவிடம் போய்க் குனிந்து சொன்னார்:

“அழாதம்மா. ஆஸ்பத்திரி சரிதான். ஊர்தான் வேற.”

அப்பாவுக்கு அது விளங்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு வீட்டுக்குள் ஓடினார். மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்லி இன்னும் வாய் திறக்கவில்லை. காலையில் நடந்ததை பி.பி.சி. மத்தியானமே சொல்லிவிட்டது, நம் அரசு சொல்லவில்லை. பாதித் தெரு எங்கள் கூடத்தில் கூடியது. நான் மாடிக்கு ஓடி ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, வருதா?”

பதில் இல்லை. கீழே மரக்கதவு இழுபடும் சத்தம் கேட்டது. குமிழ் திருகும் சத்தம். திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும், படக்குழாய் சூடேற வேண்டுமே. ஆனால் ஒலி வந்துவிட்டது. மாடி வரைக்கும் கேட்டது.

பாட்டி அன்று ஒன்றும் கேட்கவில்லை.

(தொடரும்)